கண்ணிக்குக் கண் இல்லை

பள்ளிவாசல் ஒன்றும் துறை ஒன்றும் கூடி ஓர் ஊருக்குப் பெயராகி நிற்பது பள்ளிவாசல்துறை. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் உள்ள அவ்வூரையும் அதன் அயலூர்களையும் நெடுங்காலமாக வாழ்வித்து வருவது வலை. களப்பிலே வலை, கடலிலே வலை, மணலிற் காயும் வலை, திண்ணையிற் பொத்துவதற்காகக் கிடக்கும் வலை. மீனவன் வலை விரிப்பதும் வேடன் கண்ணி வைப்பதும் ஒரு வகையில் ஒரே தொழிலே. தாம் அருகில் இல்லாத வேளையிலும் தம் வேலையைச் செய்து வைக்கும் ஒரு கருவியை நீரிலோ நிலத்திலோ விட்டு வருகின்றனர் இருவரும். வில்லெடுத்தவன் குறி பார்த்து எய்கிறான். கண்ணி வைத்தவனோ வீடு சென்று உறங்குகிறான். அவன் உறங்கும்போது அவ்வழியே எது வருகின்றதோ அது அகப்படுகின்றது.

இந்த எளிய உண்மையின் பெருஞ்சரித்திரம் எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. ஆண்டிற் பாதி உறைந்து கிடக்கும் வட நாட்டு ஏரிகளும் சதுப்பு நிலங்களுமே அந்த இடம். மென்மையான உரோமத்துக்காக நீர்வாழ் விலங்குகளைப் பொறி வைத்துப் பிடித்த வியாபாரம் அங்கே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஓங்கி நின்றது. கம்பெனிகள் அதனால் எழுந்தன. நாடுகளின் எல்லைகள் அதனால் வரையப்பட்டன. உரோமச் சட்டைக்கும் நம் வெயிற் கரைக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு உண்டு. அது சட்டையின் வழியாக வந்ததன்று. நம் களப்பில் மேயும் ஒரு சாதுவான பிராணியின் வழியாக வந்தது. அதனைச் சொல்லுமுன், உரோமத்தின் மகிமை இன்னதென்று அறிந்து கொள்ளல் வேண்டும்.

இரட்டை ஆடை

குளிர்ந்த நீரில் வாழும் பாலூட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரே கவலை, உடற்சூட்டைக் காப்பது. திமிங்கிலம் தோலின் கீழே கொழுப்பை வளர்த்துக் கொண்டது. நீர்நாயும் அதன் இனத்தனவும் வேறு வழியைக் கண்டன. அவற்றின் மேனியில் இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. வெளியே நீண்டு பளபளப்பது காவல் மயிர். அது நீரை வழித்து விடும். அதன் அடியில் பஞ்சினும் மெல்லிதாய் நெருங்கி நிற்பது உள்மயிர். அது காற்றைச் சிறைப்படுத்தி வைத்துக் கொள்ளும். நீரினுள் எவ்வளவு நேரம் மூழ்கியிருந்தாலும் தோல் நனைவதில்லை. வட பசிபிக் கடலில் வாழும் கடல் நீர்நாயின் உடலில் ஒரு சதுர அங்குல இடத்தில் 10 இலட்சம் வரையான மயிர் இருக்கக் கூடும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். வேறெந்த விலங்குக்கும் இத்துணை அடர்ந்த ஆடை இல்லை. விலங்கைக் காத்த இந்த ஆடையே, மனிதன் கண்ணிற் பட்டதும், அதற்கு எமனாயிற்று.

நீர்நாய் தமிழர் அறியாத விலங்கன்று. சங்கச் சான்றோர் மருத நிலத்துப் பொய்கைகளைப் பாடும்போது, வாளை மீனைப் பற்றித் தின்னும் நீர்நாயையும் மறவாது பாடியிருக்கின்றனர். காவிரியிலும் மோயாற்றிலும் வாழும் நீர்நாய் ஒரு வகை. இலங்கையின் குளங்களிலும் ஆறுகளிலும் மலைநாட்டு ஓடைகளிலும் வாழ்வது வேறொரு வகை. நம் தீவில் உள்ள நீர்நாய் இனம் அது ஒன்றே. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குக் கரை வரை பரவியுள்ள இனத்தின் தென்கோடிக் கிளைகளுள் ஒன்று அது. வெப்ப நாட்டில் உரோமச் சட்டைக்குத் தேவையில்லை. ஆதலால் நம்மவர் அதன் தோலுக்கு ஆசைப்படவில்லை. வலையைக் கிழித்து மீனைத் தின்னும் கள்வன் என்று ஏசியதோடு நின்றனர்.

வங்காளத்துச் செம்படவர் சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, கள்வனையே காவலனாக்கிக் கொண்டனர். சுந்தரவனப் பக்கத்து ஆறுகளில், மூங்கிற் கழியிற் கயிறு பூட்டிய நீர்நாய்களைப் படகின் ஓரமாக நீரில் இறக்குவர். அவை மீன்களைத் துரத்தத் துரத்த, மீன் கூட்டம் விரித்த வலைக்குள் வந்து புகும். தாயோடு குட்டிகள் கட்டின்றியே நீந்தி வரும். தலைமுறை தலைமுறையாக வந்த இவ்வித்தை, இப்போது வங்காள தேசத்தில் மிகச் சில குடும்பங்களிடமே எஞ்சியிருக்கின்றது.

இமயத்துக்கு அப்பால் கதை வேறு. திபெத்தியரின் நீண்ட அங்கிக்கு நீர்நாய்த் தோலாலும் சிறுத்தைத் தோலாலும் கரை வைத்துத் தைப்பது செல்வச் சிறப்பாகக் கருதப்பட்டது. அந்தக் கரைக்காக இந்தியாவின் வட பகுதி ஆறுகள் வெறுமையாயின. நீர்நாய் தன் எச்சத்தை ஒரே பாறையிலும் ஒரே கரைமேட்டிலும் மீண்டும் மீண்டும் இடும் இயல்புடையது. அதுவே அதன் எல்லைக்கல். நாடோடி வேடர் அந்த இடத்தைக் கண்டு கொண்டு, கொல்லன் பட்டறையிற் செய்த இரும்புப் பற்பொறியை நீரேறும் வழியிற் புதைத்து வைத்தனர். தன் வீட்டு வாசலை ஒழுங்காக அடையாளம் செய்து வைத்ததே அப்பிராணி செய்த பிழை. 2003ஆம் ஆண்டு அக்டோபரில் திபெத்தில் ஒரே சரக்கிலே கைப்பற்றப்பட்ட தோல்கள் இவை: புலி 31, சிறுத்தை 581, நீர்நாய் 778. உலகம் புலியையும் சிறுத்தையையும் எண்ணி வருந்திற்று. தொகையில் மிகுந்த நீர்நாயைப் பற்றிப் பேசியவர் சிலரே. 2006ஆம் ஆண்டு சனவரியில் ஆந்திரத்து அமராவதியிலே கூடிய பெருந்திரளிடம், இத்தோல்களை உடுத்தலாகாது என்று தலாய் லாமா கேட்டுக் கொண்டார். அடுத்த சில வாரங்களில் திபெத்தின் பல ஊர்களில் மக்கள் தம் விலையுயர்ந்த அங்கிகளைத் தாமே தீயில் இட்டனர். சட்டம் பல்லாண்டு முயன்று சாதிக்காததை ஒரு சொல் சாதித்தது.

கரை ஒதுங்கிய கப்பல்

இனி நம் கரையோடு உறவுடைய கதைக்கு வருவோம்.

1741ஆம் ஆண்டில் ருஷியச் சக்கரவர்த்தினியின் ஆணைப்படி வைட்டஸ் பேரிங் என்ற மாலுமி அலாஸ்காவைத் தேடிச் சென்றான். திரும்பும் வழியிலே, மனிதர் வாழாத ஒரு தீவிற் கப்பல் ஒதுங்கிச் சிதைந்தது. பேரிங்கும் அவனுடன் பலரும் அங்கே மாண்டனர். பிழைத்தவர்களுள் ஒருவர் கியோர்க் ஸ்டெல்லர் என்னும் ஜெர்மானிய இயற்கை நூலறிஞர். அத்தீவின் கரையோரக் கடலில் பிரமாண்டமான ஒரு பிராணி கூட்டங் கூட்டமாகக் கடற்பாசியை மேய்ந்து கொண்டிருப்பதை அவர் கண்டார். நீளம் 25 அடிக்கு மேல், பல் இல்லை, பயம் இல்லை, யாருக்கும் தீங்கு செய்வதும் இல்லை. பசியால் வாடிய மாலுமிகள் அதன் இறைச்சியைத் தின்று உயிர் தப்பினர். ஸ்டெல்லர் அதன் உடலமைப்பையும் வாழ்க்கை முறையையும் விரிவாக எழுதி வைத்தார். அதனை உயிரோடு கண்டு எழுதிய இயற்கை நூலறிஞர் அவர் ஒருவரே.

அந்தப் பிராணி வேறு எதுவும் அன்று; நம் புத்தளம் களப்பிலும் மன்னார்க் குடாவிலும் நம்மவர் கடற்பன்றி என்றும், தமிழகத்துக் கரையில் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் அழைக்கும் பிராணியின் நெருங்கிய உறவு. நம் கடற்பசு 10 அடியளவில் நின்று விட்டது. குளிர்க் கடலில் வாழ்ந்த அதன் உறவு யானையினும் பெரிதாய் வளர்ந்திருந்தது.

மாலுமிகள் 1742இல் உடைந்த மரங்களைக் கொண்டு ஒரு சிறு படகு கட்டி ஊர் திரும்பினர். திரும்பும்போது கடல் நீர்நாயின் தோல்களை மூட்டை மூட்டையாக ஏற்றி வந்தனர். சீனச் சந்தையில் அத்தோலுக்குக் கிடைத்த விலை செய்தியாகப் பரவிற்று. உடனே தொடங்கிற்று உரோம வேட்டை. சைபீரியக் கரையிலிருந்து கப்பல் மேல் கப்பல் கிழக்கே சென்றது. செல்லும் ஒவ்வொரு கூட்டமும் பேரிங் தீவில் இறங்கி, மாரிக்காலத்தைக் கழித்து, வழிக்கு வேண்டிய இறைச்சியைச் சேகரித்துக் கொண்டது. அந்த இறைச்சி ஸ்டெல்லரின் கடற்பசு. அதன் தோலை எவரும் விரும்பவில்லை. அதற்கு உரோமமே கிடையாது. வேட்டைக்காரர் தேடிச் சென்றது நீர்நாயை. வழியிற் சோறாகியது கடற்பசு. 1768ஆம் ஆண்டுடன் அதன் கதை முடிந்தது. அறிவுலகம் அதனைக் கண்ட நாளிலிருந்து அது அழிந்த நாள் வரை எண்ணினால் 27 ஆண்டுகளே.

நீர்நாய் குறைந்தமையால் அது தின்னும் கடல் முள்ளிகள் பெருகிக் கடற்பாசிக் காட்டைத் தின்று தீர்த்திருக்கலாம். அதுவும் கடற்பசுவின் பட்டினிக்குக் காரணமாகியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். நீர்நாய் இல்லாத கடலிற் பாசிக்காடு அழிவதும், நீர்நாய் மீண்டு வந்த இடத்திற் பாசி மீண்டும் தழைப்பதும் அலூசியத் தீவுகளைச் சுற்றி 1970களில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயின. கடல் நீர்நாயும் ஏறக்குறைய அற்றுப் போகும் நிலையிலேயே தப்பிற்று. 1911இல் அமெரிக்கா, பிரித்தானியா, ருஷியா, ஜப்பான் ஆகிய நாடுகள் செய்து கொண்ட உடன்படிக்கை அதற்குக் காப்பளித்தபோது, எஞ்சியிருந்தவை 2,000க்கு மேற்படவில்லை என்பர். தேடப்பட்ட விலங்கு மயிரிழையில் தப்பியது. தேடப்படாத விலங்கு மாண்டது. பொறியின் நியாயம் இத்தகையது.

பனி நாட்டுக் குளங்கட்டி

வட அமெரிக்காவின் உட்பகுதியில் இதே நாடகம் நன்னீரிலே நடந்தது. அங்கே நாயகன் பீவர் என்னும் விலங்கு. அகன்று தட்டையான வாலும், மரத்தை அரிந்து வீழ்த்தும் செம்பற்களும் உடைய கொறிப்பினம் அது. கனடாவின் 5 சத நாணயத்தில் 1937ஆம் ஆண்டு முதல் வீற்றிருப்பது அதன் உருவமே. ரொறன்ரோவில் வாழும் நம் உறவினர் ஒவ்வொருவர் கையிலும் அது புழங்கியிருக்கும். 1975இல் சட்டத்தினாலே அது கனடாவின் தேசியச் சின்னமுமாயிற்று. ஒரு நாடு ஒரு பெரிய கொறிப்பானுக்கு ஏன் இத்தனை மரியாதை செய்தது என்றால், அந்த நாட்டை அதன் தோலே வாங்கிக் கொடுத்தது என்பதுதான் விடை.

பீவரின் உள்மயிருக்குக் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அடித்து, ஆவி காட்டி அழுத்தினால், நெய்யாமலே அது கெட்டித் துணியாகும். மழையிலும் உருக் குலையாது. ஐரோப்பியக் கனவான்கள் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் அணிந்த உயர்ந்த தொப்பிகள் அத்துணியால் ஆனவை. 1670ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் ஹட்சன் குடாக் கம்பெனிக்குப் பட்டயம் அளித்தான். அக்குடாவில் விழும் ஆறுகள் பாயும் நிலமெல்லாம் கம்பெனிக்கே என்று ஒரு வரியில் எழுதப்பட்டது. இன்றைய கனடாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வரிக்குள் அடங்கிற்று. அந்நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த கிறீ முதலிய மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் அம்மக்கள் இல்லாமல் அவ்வியாபாரம் ஒரு நாளும் நடந்திராது. எந்த ஓடையில் எத்தனை பீவர் வீடு உண்டு, எந்த மாதத்தில் உரோமம் முற்றும், பனிக்கட்டியை எங்கே உடைத்தால் விலங்கின் நிலவறை அகப்படும் என்பதெல்லாம் அவர்களே அறிவர். கம்பெனியின் கோட்டைகளிற் பணம் வழங்கவில்லை. முதல் தரமான ஒரு பீவர்த் தோலே நாணயம். துப்பாக்கி, கத்தி, கெண்டி, கம்பளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இத்தனை தோல் என்று விலை எழுதப்பட்டது. வேடிக்கை என்னவெனில், புதுத் தோலைக் காட்டிலும், ஒரு மாரிக்காலம் முழுவதும் ஒருவர் உடலில் போர்த்திப் பழகிய தோலுக்கே ஆரம்பத்தில் மதிப்பு மிகுதி. மனித உடலின் எண்ணெயும் உராய்வும் பட்டு முரட்டுக் காவல் மயிர் உதிர்ந்து விடுவதால், தொப்பிக்காரருக்கு வேலை மிச்சமாயிற்று. அத்தொப்பிக்காரரும் தப்பவில்லை. உரோமத்தைப் பதப்படுத்தும் தொழிலிற் பாதரச உப்பைக் கையாண்ட பலர், கை கால் நடுக்கமும் சித்தப் பிரமையும் பற்றி மாண்டனர்.

பழைய முறையில் வேட்டைக்கு ஓர் அளவு இருந்தது; பனியை உடைப்பது கடும் உழைப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்புப் பொறியும், அதற்கு ஏற்ற இரையும் பரவின. இரை வேறொன்றும் இல்லை. பீவரின் சொந்தச் சுரப்பியிலிருந்து எடுத்த வாசனைத் திரவமே. அயலான் எவனோ தன் குளத்தில் அடையாளம் இட்டு விட்டான் என்று எண்ணி, முகர்ந்து பார்க்க வரும் பீவர், நீருக்குள் மறைந்திருக்கும் பொறியில் கால் வைக்கும். பொறியோ ஆழத்துக் கழியிற் பிணைக்கப்பட்டது. இழுத்துக் கொண்டு மூழ்கும் விலங்கு மீண்டு வராது. இந்த மாற்றத்தால் நாடு வெறுமையாவதை, நில அளவையாளர் டேவிட் தாம்சன் தம் கண்ணாற் கண்டு எழுதியிருக்கிறார். 1820களிலோ வியாபாரம் அரசியலாக மாறிற்று. அமெரிக்க வேடர் மேற்கே வரலாகாது என்பதற்காக, ஸ்நேக் ஆற்றுப் பிரதேசத்தில் ஒரு பீவரும் எஞ்சாதபடி பிடித்து விடுங்கள் என்பது கம்பெனியின் கொள்கையாயிற்று. போட்டிக்காரன் வந்தால் பாலைவனத்தைக் காணட்டும் என்பதே அதன் கருத்து.

பாலைவனம் என்ற சொல் உவமையாகவே சொல்லப்பட்டது. ஆனால் உவமை மெய்யாயிற்று. ஏனெனில் பீவர் வெறும் தோல் அன்று. அது நீரின் காவலாளி. ஓடையின் குறுக்கே மரத்தையும் மண்ணையும் கல்லையும் இட்டு அது அணை கட்டுகிறது. தேங்கிய நீரின் நடுவே வீடு சமைக்கிறது. நீர் கசியும் ஓசை கேட்டால் இரவோடு இரவாகப் பழுது பார்க்கிறது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக் காடொன்றில் இவ்வினம் தலைமுறைகளாகக் கட்டிய அணை ஒன்று ஏறக்குறைய 850 மீற்றர் நீளமுடையது. வன்னியிலும் வடமேற்கிலும் குளங்களால் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. குளம் இருந்தால் கிணற்றில் நீர் ஊறும், மீன் பெருகும், பறவை வரும், வரட்சியிலும் பச்சை மாறாது. கட்டு உடைந்து, கவனிக்க ஆளில்லாமற் போனால் குளம் மேடாகும், ஊர் கலையும். பொறி வைத்தவர் பீவரை எடுத்துச் சென்றனர். அதன் பின் அணைகளைப் பழுது பார்க்க எவரும் இல்லை. ஒவ்வொன்றாய் உடைந்தன. தேங்கி நின்ற நீர் விரைந்தோடி, ஓடையின் படுகையை ஆழமாய் அரித்தது. சதுப்பு நிலம் காய்ந்தது. ஐரோப்பியர் வருமுன் அக்கண்டத்தில் 6 கோடிக்குக் குறையாத பீவர்கள் இருந்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. தொப்பிக்காக அவற்றைப் பிடித்தோர், தாம் ஒரு கண்டத்தின் குளக்கட்டுகளை அறுத்து விடுகின்றோம் என்று கனவிலும் எண்ணியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே பட்டுத் தொப்பி நாகரிகமாகி, பீவர்த் தொப்பி வழக்கொழிந்தது. ஒரு நாகரிகத்துக்காக அழிந்தது ஒரு நீர்நாடு.

பொறியைப் பகைத்த வேடர்

பொறியின் கொடுமையை முதலில் உணர்ந்தவர்கள், பொறி வைத்தவர்களே. கிரே ஔல் என்ற பெயரில் செவ்விந்தியராக உலகம் அறிந்தவரும், 1938இல் இறந்த பின் ஆங்கிலேயரென்று வெளிப்பட்டவருமான ஆர்ச்சிபால்ட் பெலேனி, கைதேர்ந்த வேடர். அவர் பொறியில் ஒரு தாய்ப் பீவர் மாண்டது. அநாதைகளான இரண்டு குட்டிகளைக் கொல்ல வேண்டாம் என்று தடுத்தவள், மோஹாக் மரபினளான அவர் மனைவி அனஹேரியோ. குட்டிகள் குடிசையில் வளர்ந்தன. வேடர் பொறியைக் கைவிட்டார். எஞ்சிய வாழ்நாளைப் பீவருக்காகப் பேசியும் எழுதியும் கழித்தார். கனடாவின் தேசிய வனப் பகுதி நிருவாகம் 1931இல் அவரைப் பணியில் அமர்த்திற்று. இன்று பீவர் தன் பழைய நாட்டின் பெரும் பகுதியில் மீண்டும் அணை கட்டுகின்றது. அதனைப் பிடிக்கப் பிறந்த கம்பெனியோ 355 ஆண்டுகள் கழித்து, 2025இல், தன் கடைகளை எல்லாம் மூடிக் கொண்டது.

பிராங்க் கொனிபெயர் என்பவரும் முன்னாள் வேடரே. பற்பொறியிற் கால் அகப்பட்டு, நாட்கணக்கிற் துடிக்கும் விலங்குகளைக் கண்டு மனம் நொந்து, கணத்திற் கொல்லும் பொறி ஒன்றை ஆண்டுக்கணக்கில் முயன்று அமைத்தார். 1950களின் இறுதியில் அது விற்பனைக்கு வந்தது. ஐரோப்பியச் சமூகம் 1991இல் காற்பொறியைத் தடை செய்தது. வேட்டைப் பொறிகள் எவ்வளவு நேரத்துள் உயிர் பிரிக்க வேண்டும் என்பதற்கு அளவு வகுத்து 1997இல் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. வேதனையைக் குறைத்த வகையில் இவை நன்மையே. ஆயினும் விரைந்து கொல்லும் பொறியும் வந்தது யார் என்று பார்த்துக் கொல்வதில்லை.

இரக்கத்தினாற் பிறந்த சட்டமும் சில வேளை கண்ணில்லாத கண்ணியாகி விடுகின்றது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கனடாவின் கீழ்க் கரையில் வெண்ணிறக் கடல்நாய்க் குட்டிகளைத் தடியால் அடித்துக் கொல்வதைக் கண்டு வெகுண்ட ஐரோப்பியர், 1983இல் அத்தோலின் இறக்குமதியைத் தடுத்தனர். வட துருவத்து இனுயிற் மக்கள் அக்குட்டிகளைக் கொல்பவரல்லர். வளர்ந்த விலங்கை உணவுக்காக வேட்டையாடி, மிஞ்சிய தோலை விற்பவர். சட்டம் அவர்களுக்கு விலக்கு அளித்தது, சந்தை அளிக்கவில்லை. கடல்நாய்த் தோல் என்றாலே வாங்குவோர் முகத்தைத் திருப்பினர். கிராமம் கிராமமாக அவர்கள் வருமானம் இடிந்தது. குறி வைத்தது ஒருவருக்கு, அகப்பட்டது வேறொருவர்.

நம் கரையும் நம் கண்ணியும்

உரோம வியாபாரம் நம் நாட்டில் வேரூன்றாததால், நாம் குற்றமற்றவர் என்று எண்ணி விடலாகாது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைநாட்டில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றிலே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. மீட்டெடுத்து மருத்துவம் செய்தும், சில நாட்களில் அது இறந்து போயிற்று. அச்சுருக்கை வைத்தவர் சிறுத்தையை நினைத்து வைக்கவில்லை. மரக்கறித் தோட்டத்தை உழுது நாசமாக்கும் காட்டுப் பன்றிக்கு வைத்தது அது. வண்டியின் பிரேக் கம்பியை வளைத்தாற் போதும், சுருக்கு ஆயிற்று; செலவு சில ரூபாய். மலைநாட்டிற் சிறுத்தைகள் மாள்வதற்கு இச்சுருக்கு முக்கிய காரணமாயிருக்கின்றது. சதுப்பு நிலத்து மீன்பிடிப் பூனையும் அதற்கு விலக்கன்று.

பள்ளிவாசல்துறையின் கரைக்கு வந்தால், சுருக்கின் இடத்தில் வலை நிற்கின்றது. ஸ்டெல்லரின் கடற்பசு போன பின், அந்தக் குடும்பத்தில் எஞ்சிய ஒரே இனம் நம் கடற்பன்றி. களப்பின் அடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது, மீனைத் தொடுவதில்லை, வலையைக் கிழிக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. பெண் விலங்கு ஒரு முறை ஈன்றால், அடுத்து ஈனப் பல ஆண்டுகள் ஆகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். இத்தகைய இனம், ஆண்டுக்குச் சிலவற்றை இழந்தாலும் ஈடு செய்ய மாட்டாது. முன்னாளில் இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் அதனைப் பிடித்தனர். கற்பிட்டி முதல் மன்னார் வரை அதன் இறைச்சி விலையாயிற்று. 1970ஆம் ஆண்டிலிருந்து அதனைப் பிடிப்பது குற்றம். ஆயினும் அது குறைந்து கொண்டே வருகின்றது. இன்று அதனை அதிகமாகக் கொல்வது ஆசையன்று, தவறுதல். திருக்கைக்கென்று அடியில் விரித்து வைத்த பெருங்கண் வலையில் அது சிக்குகின்றது. சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட வேண்டிய பிராணி அது. மேலே வர முடியாமல் மூழ்கி இறக்கின்றது. விடியலில் வலை தூக்க வருகின்ற மீனவர் காண்பது, தாம் தேடாத ஒரு பிணத்தை. சட்டத்துக்கு அஞ்சி அதை மறைப்பவரும் உண்டு. போனது போயிற்று என்று அறுத்துப் பங்கிடுபவரும் உண்டு. அந்த மீனவரைக் கொடியவர் என்று கொழும்பில் இருந்து கொண்டு சொல்வது எளிது. வலை கடனுக்கு வாங்கியது; திருக்கை வேண்டியே விரித்தது; கிழிந்த வலையின் நட்டத்தை எவரும் ஈடு செய்வதில்லை.

புத்தளம் களப்பைச் சுற்றி 1980கள் முதல் பெருகிய இறால் வளர்ப்புக் குளங்களும் இதே பாடத்தை நடத்தின. இறாலை எண்ணிக் கண்டற் காட்டை வெட்டினர். 1990களில் வெண்புள்ளி நோய் பரவிற்று. பல குளங்கள் கைவிடப்பட்டு உவர் நிலமாகிக் கிடந்தன. வெட்டிய கண்டலோ மீனுக்கும் நண்டுக்கும் காட்டு இறாலுக்குமே தொட்டில். பீவரைப் பிடித்தவர் குளத்தை இழந்ததும், இறாலை வளர்த்தவர் கண்டலை இழந்ததும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

என்ன செய்யலாம்? பொறி என்ற கருவியைக் கைவிட்டு மனிதன் வாழ முடியாது. வலை இன்றிப் பள்ளிவாசல்துறை இல்லை. ஆனால் கண்ணில்லாத கருவிக்குக் கண்ணாயிருப்பது அதனை வைப்பவரின் கடமை. கடற்புல் அடர்ந்த மேய்ச்சல் இடங்களை மீனவரே நன்கு அறிவர். அங்கே அடி வலை விரியாதிருத்தல், விரித்த வலையை நெடுநேரம் கவனியாது விடாதிருத்தல், பழுதான தங்கூசி வலையைக் கடலில் எறியாது கரை சேர்த்தல் ஆகியவை அவர்கள் கையில் உள்ளன. எறிந்த வலை எறிந்தவனை மறந்து விடும், பிடிப்பதை மறக்காது. தவறிச் சிக்கிய விலங்கை உயிரோடு விடுவிப்பவருக்குக் கிழிந்த வலையின் விலையைக் கொடுப்பது அரசின் கையில் உள்ளது. தண்டனை மட்டும் தெரிந்த சட்டத்துக்குப் பிணத்தை மறைப்பார்கள். நட்டத்தை அறிந்த சட்டத்துக்கு உயிரைக் காட்டுவார்கள். உலகின் எட்டு நாடுகளிற் கடற்பசுவையும் கடற்புல்லையும் காக்க 2015இல் தொடங்கிய திட்டத்தில் இலங்கையும் ஒன்றாயிருந்தது. கரையோர மக்களின் வருவாயையும் விலங்கின் வாழ்வையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. திட்டங்களுக்குக் கால எல்லை உண்டு, கரைக்கு இல்லை.

உரோம வியாபாரத்தின் கணக்கேடுகள் இன்றும் பத்திரமாயிருக்கின்றன. எந்த ஆண்டு எத்தனை தோல், எந்தக் கோட்டையிலிருந்து, என்ன விலைக்கு என்பதெல்லாம் அவற்றில் உண்டு. சார்ள்ஸ் எல்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் அந்தத் தொகைகளைக் கொண்டே, முயலும் அதனைத் தின்னும் லிங்ஸ் பூனையும் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைவதை ஆராய்ந்தார். விலங்குச் சூழலியல் என்ற புதிய கல்வி வளர அது துணையாயிற்று. ஆனால் அந்த ஏடுகளில் எழுதப்படாதவை பல. வழியிற் சோறாகிப் போன கடற்பசுவுக்கு அங்கே ஒரு பத்தியும் இல்லை. வற்றிய சதுப்பு நிலத்துக்கு விலை குறிக்கப்படவில்லை. விற்றதை மட்டும் எழுதும் கணக்கில், இழந்தது தெரிவதில்லை. பள்ளிவாசல்துறையில் இன்றிரவும் வலை இறங்கும். விடிந்ததும் மீன் நிறுக்கப்படும், விலை எழுதப்படும். நிறுவையில் ஏறாத ஒன்றும் அந்த வலையில் வந்திருக்கக்கூடும். அதனையும் எண்ணக் கற்றுக் கொண்ட கரையே தன் பேரனுக்கும் ஒரு களப்பை விட்டுச் செல்லும்.